நிலையத்தை விட்டு அமைச்சுக்குப் போகலாமா?

சிங்கப்பூர் வாசகி ஒருவர் நீண்ட மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வயது 46. சமூக ஊழியராகத் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பும், வீட்டுக்கே சென்று பராமரிக்கும் சேவையும் நடத்தும் ஓர் அறப்பணி அமைப்பின் நிர்வாக இயக்குநர். ஓர் அமைச்சிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது: முதியோர் பராமரிப்புக் கொள்கைக்கு ஆலோசகர், இரண்டு ஆண்டு ஒப்பந்தம். சம்பளம் ஏறக்குறைய அதேதான். இங்கே அவருக்குக் கீழே அறுபது பேர் வேலை செய்கிறார்கள். அங்கே ஒருவரும் கிடையாது. அமைப்பின் தலைவரிடம் சொன்னபோது, “எங்களை விட்டுட்டு அந்தப் பக்கம் போறீங்களா?” என்று முகம் சுளித்திருக்கிறார். கணவரின் கவலை வேறு: “48 வயசுல ஒப்பந்தம் முடிஞ்சு வெளியே நின்னா யார் எடுப்பா?” வீட்டில் மறதிநோயுள்ள தாயாரும் இருக்கிறார்.

வாசகி ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டிருக்கிறார். முதலில் ராஜினாமா, ஒரு மாதம் ஓய்வு, பிறகு கையெழுத்து. பழைய அமைப்பின் வாரியத்தில் கௌரவ உறுப்பினராக நீடிப்பது. மாதம் ஒருமுறை வானொலியில் பேசுவதைத் தொடர்வது. இத்தனை ஆண்டுகளாக எழுதிவைத்த குறிப்பேடுகளை உடன் எடுத்துப்போவது. “நிர்வாகிகளுக்கு வேலை நியமனச் சட்டம் எப்படியும் பொருந்தாது, ஒப்பந்த ஊழியருக்கு மத்திய சேமநிதியும் (மசேநி) இல்லையாமே” என்றும் எழுதியிருக்கிறார். தன் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு முதியவருக்கு மானிய விதி ஒன்று தடையானதையும் விவரித்திருக்கிறார். கடைசியாக ஒரு வரி: “அங்கே போனால் அந்த ஒரு விதியையாவது மாற்றிவிடுவேன்.”

சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வேலையை நீங்கள் எடுக்க நினைப்பதற்கு அதுதான் காரணம் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும் யாருக்கும் தெரியும்.

நீங்கள் மாற்ற நினைக்கும் விதி

நீங்கள் சொன்ன முதியவருக்கு 79 வயது. மனைவி இல்லை. ஒரே மகன், அதே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு முகவரியில்தான் பதிவு. மகனுக்குச் சம்பளம் 7,000 வெள்ளி. அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை, மகன் ஒரு காசு தருவதும் இல்லை. ஆனால் நீண்டகாலப் பராமரிப்புக்கான மானியம் கணக்கிடும்போது ஒரே முகவரியில் இருக்கும் குடும்பத்தினரின் வருமானத்தைக் கூட்டி ஆள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 7,000 வகுத்தல் 2, ஆளுக்கு 3,500. கையில் ஒன்றுமில்லாத கிழவர், தாளில் நடுத்தர வருமானக்காரர் ஆகிவிடுகிறார். பகல்நேரப் பராமரிப்புக் கட்டணம் கட்டுப்படியாகாமல் அவர் வருவதை நிறுத்திவிட்டார். உங்கள் ஆத்திரம் நியாயமானது.

சரி, இப்போது மேசையின் மறுபக்கம் உட்காருங்கள். “மகன் உதவுவதில்லை என்று சொன்னால் அவர் வருமானத்தைச் சேர்க்க வேண்டாம்” என்று விதியை மாற்றினால், நாளைக்கு எத்தனை மகன்கள் உதவுவதில்லை என்று சொல்வார்கள்? யார் சரிபார்ப்பது? சரிபார்க்கப் போகிறவரும் உங்களைப் போன்ற ஒரு சமூக ஊழியர்தானே. அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. கூடுதல் செலவு ஆண்டுக்கு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து வரும்? பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 1995லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்த நாடு இது. அந்தச் சட்டத்தோடு புதிய விதி எப்படி ஒத்துப்போகும்? இவற்றுக்கெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் பதில் எழுதித் தருவதுதான் நீங்கள் போகும் வேலை. எழுதித் தந்த பிறகு முடிவு செய்பவர் நீங்கள் அல்ல. ஆலோசகர் ஆலோசனை சொல்வார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேட்கக் கசக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரவுசெலவுத் திட்ட விவாதம் நடக்கும். ஒவ்வோர் அமைச்சின் செலவையும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். அவர்களில் ஒருவர் இதே விதியைப் பற்றி, ஏறக்குறைய உங்கள் வார்த்தைகளிலேயே கேட்கலாம். அதற்கான பதிலின் வரைவு உங்கள் மேசைக்கு வரும். விதி மாறாத வரை, அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கி, சிரமப்படுவோருக்கு மருத்துவச் சமூக ஊழியர் வழியாக மேல்முறையீட்டுக்கு இடமுண்டு என்று முடிக்க வேண்டும். அந்த வரைவை எழுத உங்கள் கை ஓடுமா? பதவியின் பெயரையும் சம்பளத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஒரு கேள்வியோடு இரண்டு நாள் இருங்கள். ஓடாது என்று தோன்றினால் வேலையை ஏற்க வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே நின்று அழுத்தம் தருபவர்களும் தேவைதான்.

விதிகள் மாறவே மாறாது என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பணிப்பெண் வைத்துக்கொண்டால்தான் மாதம் 120 வெள்ளி மானியம் கிடைக்கும். வேலையை விட்டுவிட்டுத் தானே தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு அது கிடையாது. 2019ல் அதற்குப் பதிலாக வீட்டில் பராமரிப்போருக்கான மானியம் வந்தது: மாதம் 200 வெள்ளி, பணிப்பெண் நிபந்தனை இல்லாமல். 2023ல் அதிகபட்சத் தொகை 400 ஆனது. அதைப் பெற, குளிப்பது, உடுத்துவது, உண்பது, நடப்பது, கழிவறை செல்வது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்காவது நிரந்தரமாகத் துணை தேவைப்பட வேண்டும். சட்டையை மாட்ட ஒருவருக்கு எவ்வளவு துணை தேவை என்பதை வாசலில் நின்று பார்த்தவர் நீங்கள். அமைச்சில் உங்களைக் கூப்பிடுவது இந்த அறிவுக்காகத்தான். கணக்குப் போட அங்கே ஆட்கள் உண்டு. கணக்கு எந்த வீட்டு வாசலில் தடுக்கி விழும் என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

‘அந்தப் பக்கம்’ என்ற பேச்சு

தலைவர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூரில் இந்த இரண்டு பக்கமும் எப்போதுமே கலந்துதான் இருந்திருக்கின்றன. உங்கள் அமைப்பின் வரவில் அரசாங்க மானியம் எவ்வளவு என்று அவருக்கே தெரியும். காலஞ்சென்ற அதிபர் எஸ். ஆர். நாதன் 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வியல் பட்டயம் பெற்று, மருத்துவமனைச் சமூக ஊழியராக அரசுப் பணியைத் தொடங்கியவர். அங்கிருந்து கடலோடிகள் நல அதிகாரி, பிறகு தொழிற்சங்கக் காங்கிரசின் ஆய்வுப் பிரிவு, 1966ல் வெளியுறவு அமைச்சு. நோயாளியின் படுக்கையருகே தொடங்கிய பணி 1999ல் அதிபர் மாளிகையான இஸ்தானாவில் போய் நின்றது. அதிபர் ஆவதெல்லாம் நம் திட்டத்தில் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் அவர் ஒரே தாவாகத் தாவவில்லை என்பதைக் கவனியுங்கள். நடுவில் ஆய்வுப் பிரிவு ஒன்று இருந்தது. களத்தில் கண்டதைத் தாளில் எழுதப் பழகும் அந்த நடுப்படி உங்களுக்கும் தேவைப்படலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாளில் பார்க்க வேண்டியவை

நான் பணிவாழ்க்கை ஆலோசகர், வழக்கறிஞர் அல்ல. நியமனக் கடிதத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். ஆனாலும் உங்கள் கடிதத்தில் இருக்கும் சில தவறான எண்ணங்களை இங்கேயே திருத்திவிடலாம்.

வேலை நியமனச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்பது பழைய கதை. 2019 ஏப்ரல் 1 முதல் சம்பள வரம்பு இல்லாமல் நிர்வாகிகளையும் அந்தச் சட்டம் உள்ளடக்குகிறது. வேலை நேரம், ஓய்வு நாள் பற்றிய நான்காம் பகுதி மட்டும்தான் உங்களுக்கு இல்லை. ஆக, இப்போது நீங்கள் இருக்கும் வேலையில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. நீங்கள் போகப்போகும் வேலையில்தான் இல்லை! அரசாங்க ஊழியர்களும் ஆணைபெற்ற கழக ஊழியர்களும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. அங்கே உங்கள் உரிமைகள் நியமனக் கடிதத்திலும் பொதுச் சேவை விதிகளிலும்தான் இருக்கும். அதனால் கடிதத்தில் இல்லாத வாய்வார்த்தையை நம்பி எதையும் செய்யாதீர்கள். இரு தரப்புக்கும் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்பதை எத்தனை மாதம் முன்பே சொல்வார்கள், முடிவில் பணிக்கொடை உண்டா: இவை மூன்றும் எழுத்தில் வேண்டும்.

மசேநி பற்றி யாரோ உங்களைக் குழப்பியிருக்கிறார்கள். ஒப்பந்த ஊழியர் என்றாலும் ஊழியர் ஊழியர்தான். 55 வயது வரை முதலாளி 17 விழுக்காடு, நீங்கள் 20 விழுக்காடு; 2026 ஜனவரி முதல் மாதச் சம்பள உச்சவரம்பு 8,000 வெள்ளி. ஆனால் ‘ஆலோசகர்’ என்ற பெயரில் உங்களைச் சுயதொழில் செய்பவராக எழுதியிருந்தால் கதை மாறும்: முதலாளியின் பங்கு கிடையாது, மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பு மட்டும் நீங்களே கட்ட வேண்டும். சம்பளம் ‘ஏறக்குறைய அதே’ என்கிறீர்கள். இந்த ஒரு வரியில் ஆறில் ஒரு பங்கு போய்விடலாம். எந்த வகை ஒப்பந்தம் என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள்.

தாயார் விஷயம். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு குறித்த முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஊழியர் முறைப்படி கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆனால் அது தகுதிகாண் காலத்தை முடித்தவர்களுக்கு. நீங்கள் சேர்ந்த பிறகு கேட்கலாம் என்றிருந்தால் பல மாதம் போய்விடும். வாரத்தில் எந்த நாள்கள் வீட்டிலிருந்து வேலை செய்வீர்கள், தாயாரின் மருத்துவச் சந்திப்புகளுக்கு எப்படிப் போவீர்கள் என்பதை இப்போதே, அவர்கள் உங்களைக் கேட்டு நிற்கும்போதே பேசி முடியுங்கள்.

ராஜினாமாவை முதலில் கொடுக்கும் எண்ணத்தை அடியோடு விடுங்கள். கையெழுத்தான நியமனக் கடிதம் வந்த பிறகுதான் ராஜினாமா. ஓய்வு வேண்டுமானால் சேரும் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள். இந்த நிலையில் உள்ளவருக்கு அதை மறுப்பது அரிது.

வாரியம், வானொலி, குறிப்பேடு

வாரியத்தில் நீடிக்க வேண்டாம். சம்பளம் வாங்காத கௌரவப் பதவிதானே என்று நினைக்கிறீர்கள். முதியோர் பராமரிப்பு மானியம் பற்றி ஆலோசனை சொல்பவர், அந்த மானியத்தைப் பெறும் அமைப்பின் வாரியத்திலும் உட்கார்ந்திருப்பது நலன் முரண். நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், உங்கள் ஆலோசனை உங்கள் அமைப்புக்குச் சாதகமாக அமையும் ஒவ்வொரு முறையும் யாராவது புருவத்தை உயர்த்துவார்கள். நீங்கள் உதவ நினைக்கும் அமைப்புக்கே அது கெடுதல். விலகுங்கள். பழைய தொடர்பை அமைச்சிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அந்த அமைப்பை நேரடியாகத் தொடும் முடிவுகளிலிருந்து ஒதுங்குவீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

வானொலிப் பேச்சுக்கு முன் அனுமதி தேவைப்படும். மறதிநோயுள்ளவரைக் குளிப்பாட்டுவது எப்படி, பராமரிப்பவர் தன்னை எப்படிக் கவனித்துக்கொள்வது என்ற வகைப் பேச்சுக்கு அனுமதி கிடைக்க வாய்ப்புண்டு. மானிய விதியைக் குறைகூறும் பேச்சுக்குக் கிடைக்காது. அதோடு, அதிகாரத்துவ ரகசியச் சட்டம் வேலையில் இருக்கும்வரை மட்டுமல்ல, வெளியே வந்த பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தும். அங்கே படித்த வரைவை இரண்டு ஆண்டு கழித்துப் பழைய நண்பர்களிடம் மேசையில் போட்டுப் பேச முடியாது. உங்களுக்கு இதுதான் பெரிய இழப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். நினைத்ததைச் சபையில் சொல்லிப் பழகியவர் நீங்கள்.

குறிப்பேடுகளை எடுத்துப்போகக் கூடாது. அவற்றில் இருப்பது உங்கள் கையெழுத்து; விவரங்கள் அந்த முதியவர்களுடையவை, அவற்றைக் காக்கும் பொறுப்பு அமைப்புக்கு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அவற்றை ஒப்படைப்பதற்கு முன், தலைவரின் ஒப்புதலோடு, பெயரும் முகவரியும் அடையாளமும் இல்லாமல் விதிகள் எங்கே தடுக்கின்றன என்று ஒரு தொகுப்பு எழுதுங்கள். ‘இணைந்த முகவரி, பிரிந்த உறவு’, ‘மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம்’ என்று தலைப்பு போட்டால் போதும். அமைப்புக்கும் பயன்படும், உங்களுக்கும் தாளில் எழுதும் பயிற்சி.

வேறு வழிகள்

நான் சொன்ன நடுப்படி இதுதான். அமைச்சில் கேட்டுப் பாருங்கள்: நேரடி ஒப்பந்தத்துக்குப் பதிலாக, உங்கள் அமைப்பிலிருந்து ஓராண்டு தற்காலிக மாற்றலாக எடுத்துக்கொள்ள முடியுமா? திரும்பி வர இடம் இருக்கும், கணவரின் பயமும் தணியும், தலைவருக்கும் ‘விட்டுட்டுப் போறீங்க’ என்று சொல்ல வாய்ப்பில்லை. மூன்று தரப்பும் ஒப்ப வேண்டும், அதனால் எளிதல்ல, கேட்பதில் நட்டமில்லை.

அமைப்பிலேயே இருந்துகொண்டு கொள்கைக்குள் நுழையவும் முடியும். உடற்குறையுள்ளோருக்கான பெருந்திட்டம் 2007 முதல் தொடர்ந்து வகுக்கப்பட்டு இப்போது 2030 வரை நீள்கிறது. அதை வகுத்த குழுக்களில் சேவை அமைப்பினரும் இருந்தார்கள். அரசாங்கத்துக்கு வெளியே இருந்தே பேச்சின் போக்கை மாற்றியவர்களும் உண்டு. 2019ல் இங் கொக் ஹோ, தியோ யூ யென் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முதியவர்களையே உட்காரவைத்து, கௌரவமாக வாழ என்னென்ன வேண்டும் என்று கேட்டுக் கணக்கிட்டார்கள். 65 வயதைத் தாண்டித் தனியாக வாழ்பவருக்கு மாதம் 1,379 வெள்ளி என்று வந்தது. அந்த எண்ணை ஏற்றவர்களும் மறுத்தவர்களும் அதற்குப் பிறகு அதை வைத்துத்தான் வாதாடினார்கள். படிப்பில் ஆசை இருந்தால் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியில் பணியனுபவம் உள்ளவர்களுக்கு ஓராண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஆனால் தாயாரையும் வைத்துக்கொண்டு, சம்பளமில்லாமல் ஓராண்டு? உங்கள் நிலையில் நான் அதை முதலில் வைக்க மாட்டேன்.

என் கருத்தைக் கேட்டால்: அந்த வரைவை எழுத உங்களால் முடியும் என்றால், போங்கள். முதலில் தற்காலிக மாற்றலைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஒப்பந்தம்.

கணவரின் கேள்விக்கு: 48 வயதில் வெளியே வரும்போது, சேவை அமைப்பை நடத்தவும் தெரிந்து, அமைச்சில் ஒரு தாள் எப்படி நகர்கிறது என்பதும் தெரிந்த ஆளாக இருப்பீர்கள். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் எந்த அமைப்புக்கும் அப்படி ஒருவர் வேண்டும். முதியோர் பராமரிப்புத் துறையில் ஆள் பற்றாக்குறை இரண்டு ஆண்டில் தீரும் என்று நினைக்கிறீர்களா? இருந்தாலும் ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதிவுபெற்ற சமூக ஊழியர் என்ற தகுதியைக் காலாவதியாக விடாதீர்கள். அதற்கான தொடர்கல்வி மணிகளை அமைச்சில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ள நேரம் தருவார்களா என்பதையும் நியமனப் பேச்சில் கேட்டுவிடுங்கள்.